வெள்ளி மேல் ஒற்றையணுச் சிலிக்கன்: 3.8 இலத்திரன் வோல்ற்றில் வரும் பள்ளம் யாருடையது?

வந்தாறுமூலை இறுதியாண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பௌதிகவியல் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, வெள்ளிப் பளிங்கின் (111) என்ற முகத்தில் படிந்த சிலிசீன் (ஓர் அணுத் தடிப்புள்ள சிலிக்கன் தாள்) படையின் தெறிப்பைக் கணிக்கிறேன். இப்போதைக்குக் கணினி வேலை மட்டும்தான்.

முறை இது. தனியே நிற்கும் சிலிசீனின் எப்சிலனை (மின்னுழைய மாறிலி; அதன் கற்பனைப் பகுதி உறிஞ்சலைக் காட்டும்) குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருளில் பிபிஇ என்ற அண்ணளவு கொண்டு எடுத்தேன். படையையும் வெற்றிடத்தையும் அடக்கிய கணிப்புப் பெட்டியின் உயரம் 20 அங்ஸ்ட்ரோம் (1 அங்ஸ்ட்ரோம் = 0.1 நனோமீற்றர்). வெள்ளிக்கு ஜோன்சன், கிறிஸ்ரி ஆகியோர் அளந்து 1972இல் வெளியிட்ட எப்சிலன் அட்டவணை. மேலே வெற்றிடம், நடுவில் 4 அங்ஸ்ட்ரோம் தடிப்பில் படை, கீழே தடித்த வெள்ளி. ஒளி செங்குத்தாகப் படுகிறது. படை இருக்கும்போது வரும் தெறிப்பிலிருந்து வெறும் வெள்ளியின் தெறிப்பைக் கழித்து, அதே வெறும் வெள்ளித் தெறிப்பால் வகுத்து வரைந்தேன்.

மூன்று இடத்தில் தடுமாற்றம்.

தனிச் சிலிசீன் தாழ்சக்தியில் 2.3 விழுக்காடு ஒளியை உறிஞ்சவேண்டும் என்று படித்தேன். என் வரைபிலோ ஒளியின் சக்தி 2 இலத்திரன் வோல்ற்றாக உள்ள இடத்தில் மாற்றம் மைனஸ் 0.1 விழுக்காடு அளவுதான். மிச்சம் எங்கே போகிறது?

3.8க்கும் 3.9க்கும் இடையில் கூர்மையான பெரிய பள்ளம் வருகிறது. தனிச் சிலிசீனின் உறிஞ்சலிலும் 4க்குக் கிட்ட ஒரு உச்சி உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று அறிக்கையில் எழுதலாமா?

கடைசியாக, கணிப்போடு சேர்த்துக் கையால் அளந்த ஏதாவது ஒன்றும் இருந்தால் நல்லது என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். மீயுயர் வெற்றிடக் கலம் இல்லாமல், மட்டக்களப்பில் இருந்துகொண்டு, இதே பௌதிகத்தைக் காட்டும் அளவீடு ஏதும் செய்ய முடியுமா?

சம்மாந்துறை ஒளியியல் எழுதியது:

மகள், முதல் இரண்டு கேள்விக்கும் விடை வெள்ளியின் எப்சிலனில் இருக்கிறது. படையை வாசிக்க முன்னம் அதை வாசிக்கவேண்டும்.

உலோகத்தில் விழும் அலையும் தெறித்துத் திரும்பும் அலையும் மேற்பரப்பில் ஏறக்குறைய எதிர்க் கட்டத்தில் சந்திக்கின்றன. ஆகவே மேற்பரப்புக்குச் சமாந்தரமான மின்புலத்தின் கணு கிட்டத்தட்ட அங்கேயே விழுகிறது. நான்கு அங்ஸ்ட்ரோம் படை அந்தக் கணுவின் மேல்தான் கிடக்கிறது. புலம் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல உறிஞ்சியை வைத்தாலும் அது உறிஞ்ச ஒன்றுமில்லை.

இதை எண்ணாக்குவது மக்கின்ரையரும் அஸ்ப்னெசும் 1971இல் தந்த மெல்லிய படை அண்ணளவு. சொல்லில் எழுதினால்:

தெறிப்பு மாற்ற விகிதம் = (8 × பை × தடிப்பு ÷ அலைநீளம்) × [(படையின் எப்சிலன் − 1) ÷ (வெள்ளியின் எப்சிலன் − 1)] என்பதன் கற்பனைப் பகுதி.

இது செங்குத்துப் படுகைக்கும், மேலே வெற்றிடம் இருக்கும்போதும், எப்சிலனை "மெய் கூட்டல் கற்பனை" என்று எழுதும் குறிவழக்குக்கும். சில பழைய நூல்கள் "மெய் கழித்தல் கற்பனை" என்று எழுதும். அங்கிருந்து சூத்திரத்தையும் வேறிடத்திலிருந்து அட்டவணையையும் எடுத்தால் வரைபு முழுவதும் தலைகீழாகும். வெள்ளியின் மேல் உறிஞ்சும் படை கட்புலப் பகுதியில் தெறிப்பைக் குறைக்கத்தான் வேண்டும். மேல்நோக்கி எழுந்தால் குறி பிழை.

கட்புலப் பகுதியில் வெள்ளியின் கற்பனைப் பகுதி மிகச் சிறிது என்பதால் சூத்திரம் இன்னும் சுருங்கும்: தனிப் படையின் உறிஞ்சலை 4ஆல் பெருக்கி, (வெள்ளியின் எப்சிலன் − 1) ஆல் வகுத்தால் போதும். உறிஞ்சல் 2.3 விழுக்காடு என்று அளவுகோலுக்கு வைத்துப் பார்ப்போம். 1.51 இலத்திரன் வோல்ற்றில் வெள்ளியின் மெய்ப் பகுதி −32.8, மாற்றம் −0.27 விழுக்காடு. 2.01இல் −17.2, மாற்றம் −0.51. 2.50இல் −9.6, மாற்றம் −0.87. 3.00இல் −5.2; மாற்றம் −1.5. படையின் உறிஞ்சல் மாறாமல் இருந்தும் நீலப் பக்கம் போகப் போக சமிக்ஞை ஐந்து மடங்குக்கு மேல் வளர்கிறது பாருங்கள். அந்தச் சரிவு வெள்ளியுடையது. "சிலிசீன் நீலத்தில் கூடுதலாக உறிஞ்சுகிறது" என்று அதை வாசித்துவிடக் கூடாது.

2.3 என்பது டிராக் கூம்புப் பகுதிக்கான (இலத்திரன் சக்தி உந்தத்தோடு நேர்கோட்டில் ஏறும் பட்டைப் பகுதிக்கான) எண், அதாவது பை பெருக்கல் நுண்ணமைப்பு மாறிலி. தனிச் சிலிசீனுக்கு அது தாழ்சக்தியில்தான் பொருந்தும். மேலே போனால் உங்கள் கணிப்பு தரும் நிறமாலையையே எடுக்கவேண்டும். பருமன் வரிசை பார்க்க இது போதும்.

இனி உங்கள் மைனஸ் 0.1. எதிர்பார்க்க வேண்டியது 0.5 அளவு, வந்திருப்பது ஐந்தில் ஒன்று. பெட்டி 20, படை 4, இரண்டின் விகிதமும் ஐந்து. மென்பொருள் தரும் எப்சிலன் பெட்டி முழுவதற்கும் சராசரி. அதற்குள் 16 அங்ஸ்ட்ரோம் வெற்றிடமும் கலந்திருக்கிறது. அதை அப்படியே 4 அங்ஸ்ட்ரோம் படைக்குக் கொடுத்தால் உறிஞ்சல் ஐந்து மடங்கு குறையும். தளத்துக்குச் சமாந்தரமான கூறுக்குத் திருத்தம் இலகு: (படையின் எப்சிலன் − 1) = (பெட்டி உயரம் ÷ படைத் தடிப்பு) × (பெட்டியின் எப்சிலன் − 1). செங்குத்துக் கூறுக்கு இது செல்லாது. அங்கே 1இலிருந்து எப்சிலனின் தலைகீழைக் கழித்த அளவுதான் அதே விகிதத்தில் பெருகும். உங்களுக்குச் செங்குத்துப் படுகை என்பதால் முதலாவது மட்டும் போதும்.

ஓர் அணுத் தடிப்புக்கு "தடிப்பு எவ்வளவு" என்று கேட்பதில் பெரிய அர்த்தமில்லை. தடிப்பு × (எப்சிலன் − 1) என்ற பெருக்கம் மட்டுமே முதற்படியில் வெளியே தெரியும். திருத்தியபின் 3 அங்ஸ்ட்ரோம், 4, 5 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். வரைபு அசையாமல் நின்றால் சரி. அசைந்தால் எங்கோ ஒரு விகிதம் விடுபட்டிருக்கிறது.

அடுத்தது 3.8. வெள்ளியின் மெய்ப் பகுதி 3.74இல் −0.66, 3.87இல் +0.50. இடையில் சுழியைக் கடக்கிறது. வெள்ளி ஆடி போலத் தெறிப்பது நின்றுபோகும் பிளாஸ்மா விளிம்பு அதுதான். அதற்குச் சற்று மேலே வெள்ளியின் கீழ்மட்டத்தில் இருக்கும் டி பட்டை இலத்திரன்களும் ஒளியை உறிஞ்சிக் கிளம்புகின்றன. வகுத்தியில் உள்ள (வெள்ளியின் எப்சிலன் − 1) 3.87இல் −0.50 மெய், 0.64 கற்பனை என்று ஆகிவிடும். இதன் தலைகீழை எடுத்தால் −0.77 மெய், −0.97 கற்பனை. ஆக அந்த இடத்தில் தெறிப்பு மாற்றத்துக்குள் படையின் மெய்ப் பகுதி அதன் கற்பனைப் பகுதியை விட அதிகமாக நுழைகிறது. உறிஞ்சவே உறிஞ்சாத படைகூட அங்கே பள்ளம் போடும்.

நம்பாமல் சோதித்துப் பாருங்கள். எப்சிலன் 11, கற்பனைப் பகுதி சுழி, எந்தச் சக்தியிலும் மாறாதது, தடிப்பு 4 அங்ஸ்ட்ரோம் என்று ஒரு பொம்மைப் படையைச் சிலிசீனுக்குப் பதிலாக வையுங்கள். 2.5இல் மாற்றம் −0.06 விழுக்காடு, ஒன்றுமே இல்லாத மாதிரி. 3.74இல் −3. 3.87இல் ஏறக்குறைய −30. எந்த நிலைமாற்றமும் இல்லாத ஒரு பொருள் உங்கள் "சிலிசீன் உச்சியை" அச்சாகப் போட்டுக் காட்டும்.

எண் இவ்வளவு பெரிதாவதற்கு இன்னொரு காரணம் வகுக்கும் தெறிப்பு. 3.00இல் வெள்ளி 97 விழுக்காடு தெறிக்கிறது, 3.87இல் 5.5 மட்டும். அங்கே முதற்படி அண்ணளவும் தாங்காது, ஒவ்வோர் எல்லையிலும் தெறிக்கும் அலைகளை எல்லாம் சேர்க்கும் முழு இடமாற்றத் தாயத்தால் கணியுங்கள். 1972 அட்டவணையின் புள்ளிகள் 0.12 இலத்திரன் வோல்ற்று இடைவெளியில்தான் இருக்கின்றன. விளிம்பில் நேர்கோடு போட்டு இடைச்செருகினால் வளைவு முறிந்து போலி உச்சிகள் முளைக்கும். மெய், கற்பனை இரண்டையும் தனித்தனியாகக் கன இழைவளைவால் (கியூபிக் ஸ்பிளைன்) இடைச்செருகி, எந்த அம்சமும் அட்டவணைப் புள்ளியின் மேலேயே குந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் 3.5க்கு மேல் வருவதை வரையலாம். சிலிசீனுக்கு உரியது என்று பெயர் சூட்டவேண்டாம்.

கல்லடி எழுதியது:

சம்மாந்துறை சேர் சொன்னது ஒளியியல் பக்கம். நான் மேற்பரப்புப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தங்கச்சியின் கணிப்பில் இன்னும் பெரிய அனுமானம் ஒன்று கேள்வியில்லாமல் இருக்கிறது: தனிச் சிலிசீனின் எப்சிலன் வெள்ளியின் மேலும் உயிரோடு இருக்கும் என்பது.

2012இல் வெள்ளி (111) மேல் காட்டப்பட்ட கட்டமைப்பு 4×4, அதாவது வெள்ளியின் மேற்பரப்பு அலகைப் போல இரு திசையிலும் நாலு மடங்கு நீளத்தில் திரும்பத் திரும்ப வருவது. வெள்ளியின் மேற்பரப்பு இடைவெளி 2.89 அங்ஸ்ட்ரோம், நாலு மடங்கு 11.56. சிலிசீனின் சாலக நீளம் ஏறத்தாழ 3.86, மூன்று மடங்கு 11.58. இந்தப் பொருத்தத்தால்தான் அது அங்கே வளர்கிறது. ஓர் அலகில் 16 வெள்ளி அணுக்களுக்கு மேல் 18 சிலிக்கன். அவற்றில் ஆறு மேலே தூக்கியிருக்கும், மற்றவை வெள்ளியோடு ஒட்டியிருக்கும். தனிச் சிலிசீனில் பாதி மேல், பாதி கீழ், இடைவெளி 0.44 அங்ஸ்ட்ரோம் அளவு. நெளிவே வேறு. அதைவிட முக்கியம், சிலிக்கனின் பி இலத்திரன்கள் வெள்ளியின் எஸ்பி பட்டைகளோடு வலுவாகக் கலந்துவிடுகின்றன. டிராக் கூம்பு அழிந்துவிடுகிறது என்பதில் 2013க்குப் பிறகு வந்த கணிப்புகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. 2012இல் ஒளியிலத்திரன் அளவீட்டில் கண்ட நேர்கோட்டுப் பட்டையும் இந்தக் கலப்பிலிருந்து வருவதாகவே விளக்கப்படுகிறது. கூம்பு இல்லையென்றால் 2.3 விழுக்காடும் இல்லை.

ஆகவே மூன்று ஊடக மாதிரியில் நடுவில் வைக்கவேண்டியது சிலிக்கனும் வெள்ளியின் முதல் ஓரிரு அணுத் தட்டும் சேர்ந்த இடைமுகம். அதை எடுக்க நேரான வழி: சில அணுத் தட்டு மட்டும் உள்ள வெள்ளிப் பலகையைச் சிலிக்கனோடும் சிலிக்கன் இல்லாமலும் கணித்து வித்தியாசம் எடுப்பது. செலவு பாருங்கள். ஐந்து தட்டு என்றால் 80 வெள்ளி, 18 சிலிக்கன், மொத்தம் 98 அணு. வெள்ளிக்கு 11, சிலிக்கனுக்கு 4 என்று வலுவளவு இலத்திரன்கள் 952. மேசைக் கணினியில் கட்டமைப்புத் தளர்த்தல் கிடந்து இழுபடும். ஒளியியல் கணிப்புக்கு வெறுமையான பட்டைகளும் அடர்ந்த கே புள்ளிகளும் (இலத்திரன் உந்தத்தை மாதிரியெடுக்கும் புள்ளிகள்) வேண்டும். மூன்று தட்டாகக் குறைத்தால் 66 அணு. ஆனால் மெல்லிய பலகையில் வெள்ளியின் இலத்திரன்கள் குவாண்டம் கிணறு போல அடைபட்டுத் தனித்தனி மட்டங்களாகும். தாழ்சக்தியில் சிலிக்கனோடு சம்பந்தமே இல்லாத உச்சிகள் வரும். தட்டு எண்ணிக்கையை மாற்றும்போது இடம் பெயரும் உச்சி எல்லாம் பலகையின் உச்சி.

இன்னொரு பொறி. பிபிஇ வெள்ளியின் டி பட்டையை ஏறத்தாழ 1 இலத்திரன் வோல்ற்று மேலே தூக்கி வைக்கும். அளவீட்டில் 3.9க்குக் கிட்டத் தொடங்கும் பட்டையிடை உறிஞ்சல் கணிப்பில் 3க்குக் கிட்டவே தொடங்கிவிடும். நீங்கள் வெள்ளிக்கு அளவீட்டு அட்டவணையையும் படைக்குப் பலகைக் கணிப்பையும் சேர்த்துப் போட்டால் இரண்டு விளிம்பு, இரண்டு பள்ளம் தோன்றும். வித்தியாசம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே முறையில் கணித்த வெள்ளியாக இருக்கட்டும். அல்லது டி பட்டைக்கு ஹபார்ட் திருத்தம் (அதன் சக்தியை நகர்த்தும் கூடுதல் உறுப்பு) போட்டு இறக்கி, எவ்வளவு இறக்கினீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அளவீட்டாளர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் உங்கள் வரைபை ஒப்பிடப்போவது அவர்களுடையதோடுதான். ஒற்றைப் பளிங்கு வெள்ளியை ஆகன் அயன்களால் 1 கிலோ இலத்திரன் வோல்ற்று அளவில் அடித்து, 500 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே பதனிடுவார்கள். மட்டமான தளம் வரும்வரை இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கும். கலத்தின் அமுக்கம் பத்தின் மைனஸ் பத்தாம் அடுக்கு மில்லிபார் வரிசை. சிலிக்கன் மூலம் பெரும்பாலும் நேர்மின்னோட்டத்தால் சூடாக்கிய ஒரு சிலிக்கன் தகட்டுத் துண்டு. 1150 பாகைக்குக் கிட்டத்தான் அதன் ஆவியமுக்கம் பத்தின் மைனஸ் ஆறாம் அடுக்கு டொர் அளவைத் தொடும்; உருகுநிலை 1414 என்பதால் திண்மமாகவே ஆவியாகும். ஒரு படை போட நிமிடக்கணக்கில், சிலவேளை அரை மணிக்கு மேல், எடுத்து மெதுவாகப் படியவிடுவார்கள்.

வெள்ளியின் வெப்பநிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 200க்குக் கீழே ஒழுங்கற்ற படை. 220 தொடக்கம் 260 வரை 4×4, அதோடு √13×√13 என்ற வேறு ஒழுங்கமைப்புத் துண்டுகளும் கலந்து. அதற்கு மேலே 2√3×2√3. 300ஐத் தாண்டினால் படை குலைந்து சிலிக்கன் உள்ளே போகும் அல்லது முப்பரிமாணத் தீவாகும். ஒளிப்புள்ளி மில்லிமீற்றர் அளவு. அதற்குள் இந்தக் கட்டமைப்புகள் எல்லாம் கலந்துதான் சமிக்ஞை வரும். 4×4க்கு மட்டும் கணித்த வரைபு அளவீட்டோடு அச்சொட்டாகப் பொருந்தினால் அதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

"ஒரு படை" என்ற சொல்லும் கவனம். வெள்ளியணுவுக்கு ஒரு சிலிக்கன் என்று எண்ணினால் 4×4 முழுமையாக 1.125 வேண்டும். சில கட்டுரைகள் இந்த அலகிலும் சில முழுச் சிலிசீன் படையை 1 என்று வைத்தும் எழுதும். ஒப்பிடும்போது 12 விழுக்காடு பிசகு இங்கேயே வந்துவிடும்.

படிந்த சிலிக்கன் வெள்ளி அணுக்களை இடம்பெயர்த்து உட்காருகிறது என்பதும் வருடு சுரங்க நுணுக்குக்காட்டியில் (எஸ்ரிஎம்) கண்ட விஷயம். வெளியேறிய வெள்ளி பக்கத்தில் புதுப் படிகளாகிறது. ஆகவே கழிப்பதற்கு எடுத்த "வெறும் வெள்ளி" படைக்குக் கீழே இருக்கும் வெள்ளியேதான் என்பது அண்ணளவு மட்டுமே. பல படைகள் போட்டால் வருவதும் சிலிசீன் அடுக்கு அல்ல. √3×√3 காட்டும் அந்தப் படலம் மேலே வெள்ளியால் மூடிய வைரக் கட்டமைப்புச் சிலிக்கன் என்றுதான் ஒளியியல், எக்ஸ் கதிர் அளவீடுகள் சொல்கின்றன.

என் யோசனை: 98 அணுவுக்குள் இறங்கவேண்டாம். நடுப்படைக்கு மூன்று எப்சிலன்களை மாறி மாறி வையுங்கள்: தனிச் சிலிசீன், படிகமற்ற சிலிக்கன், சேர் சொன்ன பொம்மை. 1.5 தொடக்கம் 3.5 வரை மூன்று வரைபும் எங்கே பிரிகின்றன, அந்தப் பிரிவு அளவீட்டு இரைச்சலை விடப் பெரியதா என்று காட்டுங்கள். செங்குத்துப் படுகையில் வெள்ளியின் தெறிப்பை மட்டும் வைத்துச் சிலிசீனை அடையாளம் காண முடியுமா என்ற கேள்விக்கு அது நேர்மையான விடை. இறுதியாண்டுக்கு அது தாராளம்.

வந்தாறுமூலை இறுதியாண்டு எழுதியது:

சேர், அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பெட்டி உயர விகிதத்தைப் போட்டதும் 2 இலத்திரன் வோல்ற்றில் எண் அரை விழுக்காடு வரிசைக்கு வந்துவிட்டது. தடிப்பை மாற்றினாலும் கட்புலப் பகுதியில் வரைபு நகரவில்லை. பொம்மைப் படையிலும் பள்ளம் அதே இடத்தில்தான். ஆகவே அறிக்கையை 3.5இல் நிறுத்தி, மூன்று எப்சிலன் ஒப்பீடாக மாற்றுகிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம்: முனைவாக்கிய ஒளியை மாதிரியைச் சுற்றித் திருப்பி, திசைவேறுபாட்டை அளந்தால் வெள்ளியின் பின்னணி தானாகக் கழிந்துவிடாதா? அதோடு, கையால் அளக்கும் விஷயத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை.

கல்லடி எழுதியது:

(111) முகத்தில் கழிந்துவிடும், ஆனால் சிலிசீனும் சேர்ந்து கழிந்துவிடும். மூன்றுமடிச் சமச்சீர் உள்ள மேற்பரப்பு செங்குத்துப் படுகையில் எந்தத் திசைக்கும் ஒரே மாதிரித்தான் தெறிக்கும். 4×4க்கும் அப்படியே, சுழன்ற துண்டுகள் உள்ள மற்றக் கட்டமைப்புகளும் சராசரியில் அப்படியே. அந்த உத்தி வெள்ளி (110)க்கு. அங்கே சிலிக்கன் 1.6 நனோமீற்றர் அகல நாடாக்களாக ஒரே திசையில் வரிசைகட்டும், நாடாவுக்கு நெடுக்காகவும் குறுக்காகவும் தெறிப்பு வேறுபடும். அந்த நாடாக்கள் ஐங்கோண வளையங்களால் ஆனவை, தேன்கூட்டுச் சிலிசீன் அல்ல என்பது 2016இல் தெளிவானது. உங்கள் அறிக்கையில் இரண்டையும் கலக்கவேண்டாம்.

அக்கரைப்பற்று ஆய்வுகூடம் எழுதியது:

தங்கச்சி, சிலிசீன் இங்கே வளர்க்க ஏலாது. ஆனா நீங்க காட்டவேண்டியது "வெள்ளிக்கு மேல மெல்லிய உறிஞ்சும் படை, நீலத்துக்குப் போகப் போகச் சமிக்ஞை ஏறும்" எண்ட விஷயம்தானே. அதுக்கு வெள்ளி கறுக்கிறதே போதும். வெள்ளி சல்பைட்டு குறுகிய பட்டையிடைவெளி உள்ள குறைகடத்தி, கட்புலப் பகுதி முழுக்க உறிஞ்சும், ஒரு நனோமீற்றருக்கும் குறைவாகவே தொடங்கி மெதுவா வளரும்.

ஆடி: நுணுக்குக்காட்டி வழுக்கியை சவர்க்காரம், ஐதான நைத்திரிக்கமிலம், காய்ச்சி வடித்த தண்ணி எண்டு வரிசையாக் கழுவுங்க. கண்ணாடியில தண்ணி முழுத் தாளாப் பரவவேணும். துளியாத் திரண்டா கொழுப்பு இருக்கு, வெள்ளி திட்டுத்திட்டாப் பிடிக்கும். 0.1 மோலர் வெள்ளி நைத்திரேற்று 10 மில்லிலீற்றர் (10 மில்லிலீற்றருக்கு 0.17 கிராம்). அமோனியாவைத் துளி துளியா விடுங்க, கபில வீழ்படிவு வந்து மறுகா கரையுமட்டும். 0.8 மோலர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 5 மில்லிலீற்றர், திரும்பக் கபிலமாகும், திரும்ப அமோனியாத் துளி, தெளியிற இடத்தில நிப்பாட்டுங்க. அமோனியா கூடினா படிவு மெதுவாகிக் கறுப்பாகும். பிறகு 0.5 மோலர் குளுக்கோசு 3 மில்லிலீற்றர் அளவு, மெதுவா ஆட்டிக்கொண்டே. சில நிமிசத்தில ஆடி வரும். மிச்சக் கரைசலை ஒரு நாளும் போத்தலில அடைச்சு வைக்கக்கூடாது. காய்ஞ்சா வெள்ளி நைத்திரைட்டு உருவாகி வெடிக்கும். வேலை முடிஞ்ச உடனே ஐதான அமிலம் விட்டு நடுநிலையாக்கிக் கழிவுப் போத்தலுக்குப் போகட்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

அளவீடு: நிறமாலைமானி இருந்தா 12 வோல்ற்று ஹலஜன் விளக்கை ஒழுங்காக்கிய நேர்மின் வழங்கியில அரை மணித்தியாலம் எரியவிட்ட பிறகுதான் தொடங்கவேணும். உங்களுக்குத் தேவை ஆயிரத்தில ஒண்டு அளவு நுட்பம். மலிவான உணரியில ஒரு படப்புள்ளி 65,000 இலத்திரன் அளவு பிடிக்கும் எண்டு வையுங்க. அதன் வர்க்கமூலம் 255. ஒரு சட்டத்தில (ஒரு தரம் எடுக்கிற பதிவில) இரைச்சல் 0.4 விழுக்காடு, 100 சட்டத்தைச் சராசரி எடுத்தா 0.04. அது போதும், ஆனா விளக்கு அதுக்குள்ள அரை விழுக்காடு நகர்ந்தா சராசரியால பிரயோசனமில்லை.

அதனால நான் விரும்புறது எல்இடி வழி. 630, 525, 465 நனோமீற்றர் மூண்டு எல்இடி, ஒவ்வொண்டுக்கும் மாறா மின்னோட்டம் 20 மில்லிஅம்பியர். ஒளியில ஒரு பங்கை கண்ணாடித் தகட்டால பிரிச்சு உசாத்துணை டயோட்டுக்கும், மிச்சத்தை ஆடியில பட்டு வர அளவீட்டு டயோட்டுக்கும். ரெண்டும் பிபிடபிள்யூ34 எண்ட ஒளி டயோட்டு, ஒரே உலோகக் கட்டையில பூட்டினது, வெப்பநிலை ஒண்டா இருக்க. ரெண்டையும் 16 பிற்று ஏடிஎஸ்1115ஆல (வோல்ற்றளவை எண்ணாக்கிற சில்லு) வாசிச்சு விகிதம் எடுங்க. எல்இடி சூடாகினா அலைநீளமும் நகரும், செறிவும் இறங்கும். விகிதம் எடுத்தா செறிவு போகும், அலைநீளம் போகாது, அதனால தொடர்ந்து எரியவிட்டே வையுங்க. மாதிரியைக் கழட்டிப் பூட்டவே கூடாது. ஒரு தரம் அசைஞ்சா வார பிழை நீங்க தேடுற சமிக்ஞையை விடப் பெருசு.

சல்பைட்டுக்கு, மூடின பெட்டிக்குள்ள அவிச்ச முட்டை மஞ்சட்கரு ஒரு சிறு துண்டு போதும். வெள்ளி மஞ்சளாத் தெரியத் தொடங்கினா மெல்லிய படை அண்ணளவு முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு வேண்டியது கண்ணுக்கு நிறம் தெரியமுன்னம் உள்ள பகுதி. அதில நீலச் சரிவையும் சிவப்புச் சரிவையும் நேரத்துக்கு எதிரா வரைஞ்சு விகிதம் எடுங்க. தடிப்பு எவ்வளவு எண்டு தெரியாட்டியும் விகிதத்தில அது வெட்டுப்பட்டுப் போகும்.

வாவிக் கரையில சேறு மணக்கிற இடத்தில ஐதரசன் சல்பைட்டு காத்திலயே இருக்கு. வெறும் ஆடியை மேசையில விட்டா அதுவும் கறுக்கும். செய்த ஆடியை சிலிக்கா ஜெல்லும் கிளர்வுற்ற காபனும் போட்ட பையில அடைச்சு வையுங்க. மாரியில ஈரப்பதன் கூடினா கறுப்பும் கெதியாகும், வெள்ளிக்கு மேல தண்ணிப் படலமும் வரும். ஒப்பீட்டு ஆடி ஒண்டை மஞ்சட்கரு இல்லாத பெட்டியில வைச்சு அதையும் சேர்த்து அளங்க.

சம்மாந்துறை ஒளியியல் எழுதியது:

அக்கரைப்பற்றுக்காரர் சொன்ன அமைப்பு நல்லது. விகிதத்தை வாசிக்கும் விதத்தில் மட்டும் ஒரு திருத்தம் சேர்க்கிறேன். வெள்ளி சல்பைட்டின் உறிஞ்சல் நிறத்தோடு மாறும். ஆகவே அளந்த விகிதம் வெள்ளியின் காரணியும் சல்பைட்டின் காரணியும் பெருகியது. 630இல் (1.97 இலத்திரன் வோல்ற்று) வெள்ளியின் மெய்ப் பகுதி ஏறத்தாழ −18, 465இல் (2.67) −8 அளவு. வெள்ளி மட்டும் தரும் விகிதம் 19ஐ 9ஆல் வகுத்தது, இரண்டுக்குச் சற்று மேல். அளந்த விகிதத்தை அதால் வகுத்தால் மிஞ்சுவது சல்பைட்டின் உறிஞ்சல் விகிதம். அதைச் சல்பைட்டின் அட்டவணை எப்சிலனோடு ஒப்பிடுங்கள், மகள். சிலிசீனுக்கு அளவீட்டாளர்கள் செய்வதும் இதே தலைகீழாக்கல்தான்.

இரசாயன முறை ஆடியின் காற்றுப் பக்கம் கரடுமுரடாக இருக்கும். அந்தக் கரடு, மேற்பரப்புப் பிளாஸ்மோனை (மேற்பரப்போடு ஓடும் இலத்திரன் அலையை) கிளப்பும். 350 நனோமீற்றர் பக்கத்தில் தெறிப்பில் ஒரு குழி வரும். கட்புல எல்இடிகளோடு நின்றால் பெரும்பகுதி தப்பலாம். நீலத்தில் வெறும் ஆடியின் தெறிப்பு சிவப்பை விடக் கணிசமாகக் குறைந்திருந்தால் கரடு கூட என்று அர்த்தம். வேறு ஆடி செய்யுங்கள்.

கல்லடி எழுதியது:

ஒன்று விடுபட்டது. கட்டுரைகளில் சில வரைபுகள் அலுமினியம் ஒட்சைட்டால் மூடிய மாதிரிகளில் எடுத்தவை, ஏனென்றால் மூடாத படை காற்றில் நிமிடக்கணக்கில் ஒட்சியேறிவிடும். மூடி 5 நனோமீற்றர் வரிசை, முறிவுச் சுட்டி 1.7 அளவு. அப்படிப்பட்ட வரைபோடு ஒப்பிடும்போது மூடியை இடமாற்றத் தாயத்தில் தனிப் படையாகச் சேர்த்து, வெறும் வெள்ளிப் பக்கத்திலும் அதே மூடியைப் போட்டுக் கழியுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மூடியின் சமிக்ஞை சிலிக்கனுடையதை முழுதாக விழுங்கிவிடும். ராமன் அளவீட்டில் (சிதறிய ஒளியில் அணு அதிர்வுகளைப் பார்ப்பது) மூடி பெரிதாகத் தொந்தரவு தராது. 4×4க்கு முக்கிய உச்சி 514 முதல் 516 சதமமீற்றர் தலைகீழ், பருமச் சிலிக்கனுக்கு 520. வரைபில் 520 தெரிந்தால் அந்த மாதிரியில் தீவுகள் வளர்ந்திருக்கின்றன, அதன் தெறிப்பு எண்களை உங்கள் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.